டாக்டர் சொன்னது புரோட்டா இல்லை

1

செங்கம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திருவண்ணாமலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி. அதில் குழந்தைகள் வார்டு. வார்டில் பதினேழாம் நம்பர் கட்டிலில் என் மகள் செல்வி, வயது நாலு. கட்டிலுக்குக் கீழே தரையில் அவள் அம்மா வசந்தா. வசந்தாவிடம் "பீடி வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன் நான். பீடிக் கடையைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. அதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை. செங்கம் பக்கம் போகிற ஒரு லாரியில் ஏறினால் சாயந்திரத்துக்குள் கிருஷ்ணகிரி. அங்கிருந்து பெங்களூர். லாரி கிளீனராக அந்தப் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எந்த வேலையிலும் மூன்று மாதம் நிற்காதவன் நான். செங்கல் சூளை, கடலை மில், லாரி, ஓட்டல் என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் மனசு கசந்தால் அடுத்த நாள் அங்கே இருக்க மாட்டேன். அன்றைக்கு மனசு கசந்த இடம் என் பிள்ளையின் கட்டில்.

அந்தக் கட்டிலில் அவள் கிடந்ததற்குக் காரணம் நான்தான். அதை அன்று காலையில்தான், முப்பது பேர் நின்ற வரிசைக்கு முன்னால் தெரிந்துகொண்டேன்.

2

நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசி. எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். அந்த வருஷம் செல்விக்கு அம்மை போட்டது. அம்மை இறங்கியும் அவள் எழவில்லை. சோறு இறங்கவில்லை, சிரிப்பு இல்லை, வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பஸ் ஏற்றித் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் இளவயசுக்காரர். வரிசை நீளம், நேரம் இல்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்:

"சத்து கம்மியா இருக்குதுப்பா. புரோட்டீன் ஜாஸ்தியா குடு. தெனமும் குடு. புரியுதா?"

"புரியுதுங்க" என்றேன்.

எனக்குப் புரிந்தது புரோட்டா. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கல்லில் போட்டுத் தட்டி அடுக்கி வைப்பார்களே, அது. டாக்டரே சொல்கிறார், அதுவும் தினமும். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கஞ்சி, கசாயம் என்று சொல்லாமல் நல்ல சாப்பாடாகச் சொல்லியிருக்கிறார், படித்த டாக்டர் என்று நினைத்தேன்.

வசந்தா நம்பவில்லை.

"சின்னக் கொழந்தைக்குப் புரோட்டாவா? நல்லாக் கேட்டுகினியா?"

"ஜாஸ்தியா குடுன்னாரு. நீ டாக்டரா, அவரு டாக்டரா?"

"அவரு சொன்னது அவருக்குப் புரிஞ்சிருக்கும். நீ கேட்டது உனக்குப் புரிஞ்சுதான்னுதான் கேக்குறேன்."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் நான் சொன்னது நின்றது.

ஒன்றரை மாதம். அப்போது திருவண்ணாமலையில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தினமும் வேலை முடிந்து வரும்போது இலையில் மடித்த இரண்டு புரோட்டா கையில் இருக்கும். வசந்தா பிய்த்து, வெந்நீரும் சர்க்கரையும் விட்டு ஊறவைத்துக் கூழாக்கி ஊட்டுவாள். மற்ற எதுவும் வேண்டாம், இது போதும் என்று நானே சொன்னேன். டாக்டர் சொன்ன மருந்து என்பதால் அளவு தவறாமல் கொடுத்தோம்.

செல்விக்குக் கன்னம் உப்பியது. காலும் கையும் உருண்டு வந்தன. "பாப்பா சதை போட்டுட்டாளே" என்று தெருவில் சொன்னார்கள். நான் மார் நிமிர்த்தி நடந்தேன். தலைமுடி செம்பட்டையானது. எண்ணெய் பத்தவில்லை என்றார்கள், எண்ணெய் வைத்தோம். காலில் விரலை அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது என்று வசந்தா காட்டினாள். புதுச் சதை அப்படித்தான் இருக்கும் என்றேன். அதைச் சொன்னவன் நான்தான்.

பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. அன்று காலை தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதே டாக்டர். பார்த்தவுடன் எழுந்துவிட்டார்.

"என்னய்யா குடுத்தீங்க கொழந்தைக்கு?"

"நீங்க சொன்னதுதாங்க. தெனமும் ரெண்டு புரோட்டா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "சால்னா ஊத்தியா, ஊத்தாமலா?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் சொன்னது புரோட்டீன்யா. முட்டை, பருப்பு, பாலு, கடலை. அதுல இருக்கற சத்து. புரோட்டா வெறும் மைதா. உடம்புல இருக்கறது சதை இல்ல, தண்ணி. நீ இவளைப் பட்டினி போட்டிருக்கே. வயித்த நெப்பிப் பட்டினி போட்டிருக்கே."

உடனே கட்டில் கொடுத்தார்கள். நர்ஸம்மா ஒரு முட்டையை அவித்துக் கொண்டுவந்து மசித்து ஊட்டினார். வாசனை பட்டதுமே செல்வி கக்கிவிட்டாள். பால் கொடுத்தார்கள், வயிற்றால் போனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"ஊசியில ஏத்தற விஷயம் இல்ல இது. வாயால போவணும். கொஞ்சம் கொஞ்சமா, மூணு மணிக்கு ஒரு தடவ. எதுல குடுத்தாலும் சரி, அவ துப்பாம முழுங்கணும். முழுங்கலேன்னா..."

நான் பீடி வாங்கக் கிளம்பினேன்.

3

இப்போது, பத்து வருஷம் கழித்து, நான் இருக்கிற இடம் மஸ்கட். கடலும் கரும்பாறையும். கட்டிட வேலைக்கு வந்த முந்நூறு பேர் தங்கும் முகாமில் நான் சமையல்காரன். காலை நாலரைக்கு எழுந்து ரொட்டி மாவு பிசைவதில் என் நாள் ஆரம்பிக்கிறது. வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் வேலைக்குப் போய்விட வேண்டும்.

இங்கே சமையல்காரனுக்கு அரபியில் தப்பாக் என்று பெயர். என் தொழில் அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முதல்முறை அலுவலகத்தில் அந்த அட்டையைக் கொடுத்த ஆள் என்னைக் காட்டி, "தப்பாக், தப்பாக்" என்றான். ஏதோ தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, பாஸ்போர்ட்டையும் மற்ற காகிதங்களையும் எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினேன். அவன் இன்னும் சத்தமாகத் தப்பாக் என்றான். "ஆமாங்க, தப்புதாங்க, மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டேன். பின்னால் நின்ற மலையாளிதான் விளக்கினான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அட்டையைப் புதுப்பிக்கும்போது அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறேன். எனக்கு அது தமிழில்தான் கேட்கிறது.

போன வாரம் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு டின்னைக் கொண்டுவந்து அடுக்களை மேசையில் வைத்தார். கோவாக்காரர், நல்ல மனுஷர். வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் இரண்டு பேர் உடம்பை ஏற்றுகிறார்களாம், அவர்களுக்குக் காலையில் இதில்தான் செய்து கொடுக்க வேண்டுமாம். டின்மேல் தட்டில் அடுக்கிய தோசைபோல ஒரு படம். எழுத்தைக் கூட்டிப் படித்தேன். புரோட்டீன் பேன்கேக்.

"செய்யத் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார்.

"டின்னு வேணாம். முட்டையும் கடலையும் பொட்டுக்கடலையும் தயிரும் குடுங்க."

"இது எங்கே கத்துக்கிட்டே?"

"எங்க ஊர் மலைக்குப் பின்னால" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் அன்று அடுப்பைப் பற்றவைக்க வெகுநேரம் ஆயிற்று.

4

செங்கம் ரோட்டில் லாரிக்குக் கை காட்டிக்கொண்டு நின்றபோது எதிரே ஒரு சைக்கிள் வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர், கடலை வியாபாரி.

"இன்னாப்பா ஏழுமலை, இங்க நிக்கிற? பாப்பா எப்பிடி கீது?"

"நல்லாகீதுங்க."

"எங்க இருக்குது?"

"வூட்லங்க" என்றேன்.

இன்னும் நாலு பேர் கேட்பார்கள். ரோட்டை விட்டு வலப்பக்கம் மலை சுற்றுகிற பாதையில் திரும்பிவிட்டேன். அப்போது அந்தப் பாதையில் பௌர்ணமி அல்லாத நாளில் ஆள் நடமாட்டம் இருக்காது. அடி அண்ணாமலை போய், அப்படியே காஞ்சி ரோட்டைப் பிடித்து அந்தப் பக்கம் எங்காவது போய்விடலாம் என்று கணக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது கால் பின்னியது.

ஊர் ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் மூன்று கல் அடுப்பு. அதன்முன் பருத்திப் புடவை கட்டிய ஒரு வெள்ளைக்காரம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோசைக்கல்லில் உள்ளங்கை அளவு ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா பெயர் கோவிந்தம்மா. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டே அவரைக் காவல் காப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கேட்டேன். கோவிந்தம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா நீ?"

"இல்லீங்க."

"இந்தாம்மா லிசா, இந்த ஆளுக்கு ஒன்னு குடு. வுழுந்துடப் போறான்." என்னிடம் திரும்பினார். "எங்க வூட்ல வாடகைக்குக் கீது. ஹாலந்தாம், எங்கியோ கடலுக்கு அந்தாண்ட. இது சுடறது இன்னா தெரியுமா? பேன் கேக்கு. மொதல்ல சொன்னப்ப எனக்குக் கொடலே பொரட்டிடிச்சி. தலையில ஊர்ற பேனப் புடிச்சிப் போட்டுச் சுடறாங்களோன்னு. எங்க தெருவுல கீற தலையிங்களுக்கு ஊருக்கே சுடலாமேன்னேன்."

லிசா அம்மாவுக்குப் புரிந்து சிரித்தார். "பேன் இல்லே. பேன், சட்டி" என்று கல்லைத் தட்டிக் காட்டினார். இலையில் இரண்டை வைத்து நீட்டினார்.

கனமாக இருந்தது. வறுத்த கடலை வாசனை. வெல்லத்தின் இனிப்பு. நடுவில் பஞ்சுபோல இறங்கியது. முதலாவதை எப்படித் தின்றேன் என்று தெரியாது. இரண்டாவதைப் பாதி தின்றபோது கேட்டேன், "வெளியில வச்சி ஏம்மா சுடறாங்க? உள்ள அடுப்பு இல்லியா?"

"உள்ள வுட மாட்டேன்" என்றார் கோவிந்தம்மா. "முட்டை போடுது. எங்க வூட்ல பௌர்ணமிக்கு மலை சுத்தறவங்க தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க, முட்டை நெலப்படி தாண்டக் கூடாது."

மீதியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

"இதுலியா? முட்டையா?"

"ரெண்டு" என்று விரலைக் காட்டினார் லிசா அம்மா.

"வாசனையே இல்லியே!"

"கடலை இருக்குது இல்லே. கடலை மூடும்."

அதுவரை நான் அழவில்லை. டாக்டர் சொன்னபோதும் இல்லை. அப்போது இலையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். கோவிந்தம்மா பயந்துபோய், "இன்னாய்யா, முட்டை துன்ன மாட்டியா? சாமிக்கு எதுனா வேண்டிகினுகீறியா?" என்று கேட்டார்.

சொன்னேன். புரோட்டாவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது. கோவிந்தம்மா கேட்டு முடித்துவிட்டு, கடலைத் தோலை மடியிலிருந்து உதறினார்.

"படிச்சவன்னு சொல்லிகினு புள்ளைய கொன்னுட்டு இருந்தியா? பொண்டாட்டி ஒத்தையில குந்திகினு கீறா, நீ ஊர் சுத்தறியா? எழுந்திரு. எழுந்து வந்து அடுப்பாண்ட குந்து. கத்துக்கோ."

5

அவர்கள் கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்கிறேன். வீட்டில் மெலிந்த பிள்ளை இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

வேர்க்கடலையைச் சிவக்க வறுத்து, ஆறவிட்டு, தோலை ஊதிவிட வேண்டும். சூட்டோடு இடித்தால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இடித்துச் சலிக்க வேண்டும். இப்படி இடித்த வேர்க்கடலை மாவு ஒரு பங்கு என்றால் பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு. பயறு வறுத்து அரைத்தது இருந்தால் அதிலும் ஒரு கை. மைதா கூடவே கூடாது. முட்டையைத் தனியாக நுரை வருகிறவரை அடித்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்கு வாடை தெரியாமல் இருப்பது இந்த அடியில்தான் இருக்கிறது. பிறகு மாவில் விட்டு, கெட்டித் தயிர் ஒரு கரண்டி, வெல்லம் கரைத்து வடிகட்டியது, உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. இட்லி மாவு பதம். கால் மணி நேரம் ஊறட்டும். சின்னதாக ஊற்றி, தணலைத் தணித்து, மூடிவைக்க வேண்டும். மேலே புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பச்சையாக நிற்கும், நோயாளி வயிறு தாங்காது.

பாலைத் தள்ளிய வயிறு தயிரை ஏற்குமா என்று கேட்டேன். "தயிர் நல்லது. கொஞ்சம் மட்டும்" என்றார் லிசா அம்மா.

நான் ஊற்றிய முதலாவது கருகியது. இரண்டாவது திருப்பும்போது கிழிந்தது. மூன்றாவது வந்தது.

நான் கடலை விளைகிற ஊரில் பிறந்தவன். கடலை மில்லில் வேலை செய்தவன். கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போகும் மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குக் கடலை கொடுத்தால் பித்தம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், அதனால் வீட்டு மூலையில் கடலை இருந்தும் செல்விக்கு ஒரு பருப்பு கொடுத்ததில்லை. ஆறு மைல் தாண்டி மைதாவை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

சுட்டதில் ஆறை வாழைச்சருகில் கட்டிக் கொடுத்தார்கள். மாவு ஒரு துணிப்பையில். கோவிந்தம்மா கொல்லைப்புறத்துக் கூடையிலிருந்து நாலு முட்டையை வைக்கோலில் சுற்றிக் கொடுத்தார்.

"முட்டை நெலப்படி தாண்டாதுன்னீங்களே?"

"முட்டைதான் தாண்டாது. கோழி எங்கூட்டுதுதான். ஓடு."

வந்த வழியே திரும்பினேன். "அந்தப் பக்கம் இல்ல, இப்பிடியே போ. காஞ்சி ரோட்டைப் புடிச்சா ஊருக்குள்ள வுட்டுடும்" என்றார் கோவிந்தம்மா. நான் தப்பி ஓட நினைத்த பாதை அதுதான். மலையைச் சுற்றுகிற பாதையில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் ஊருக்குள்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஊரைவிட்டு ஓட நினைப்பவன் தேர்ந்தெடுக்கிற பாதை இல்லை.

6

வார்டுக்குள் நுழைந்தபோது வெயில் இறங்கவில்லை. வசந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"பீடி வாங்க இம்மாம் நேரமா?"

"அடி அண்ணாமலை வரைக்கும் போனேன்."

"எதுக்கு?"

மூட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவள் புரிந்துகொண்டாள். "திரும்பி ஏன் வந்த?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

சருகைப் பிரித்தேன். ஒன்றைக் கிள்ளி, விரலால் நசுக்கி, செல்வியின் உதட்டில் வைத்தேன். கண் திறக்கவில்லை. வீங்கிய இமைக்கு நடுவே கீறல்போல ஒரு கோடு. உதட்டில் இருந்தது அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு நாக்கு வெளியே வந்தது. தொட்டது. உள்ளே போனது.

"துப்புவா" என்றாள் வசந்தா.

துப்பவில்லை. இன்னொரு கிள்ளு. அதுவும் போனது. மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மொத்தம் இரண்டு கிள்ளுதான் உள்ளே போயிருந்தது. நர்ஸம்மா வந்து மோந்து பார்த்தார், "இன்னாய்யா இது?" என்றார். சொன்னேன். "உள்ளே நின்னுச்சுன்னா மூணு மணி நேரத்துல மறுபடி குடு. சூடா, மெதுவா இருக்கணும்" என்றார்.

நின்றது. அடுத்த தடவையும் கொடுத்தோம், நின்றது. ஆனால் விடிந்தபோது மீதி இருந்தவை ஆறி மரக்கட்டையாகிவிட்டன. வெந்நீரில் நனைத்தால் முட்டை வாடை கிளம்பியது. செல்வி துப்பிவிட்டாள். நேற்று உள்ளே போனதும் சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்று வசந்தா அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். சூடாகத்தான் வேண்டும். வார்டுக்குள் அடுப்பு கூடாது. ஆஸ்பத்திரி சமையலறையில் கேட்டேன். வெளி ஆள் நுழைய எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார் அங்கிருந்தவர். அனுமதி கொடுக்கிற அலுவலர் லீவில் இருந்தார், அவருடைய குமாஸ்தா திங்கட்கிழமை வரச் சொன்னார். அன்று வியாழக்கிழமை. "திங்கக்கெழமைக்குக் கொழந்தை இருக்காதுங்க" என்றேன். "அதுக்கு நான் இன்னா பண்ண முடியும், ஃபாரத்துல அவருதான் கையெழுத்துப் போடணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

7

அவள் பிழைத்தாள். படிக்கிறவர்களுக்கு இதை ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது. திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் தேறி இரண்டு வருஷத்துக்குள் நான் மறுபடி கிளம்பிவிட்டேன், பம்பாய், பிறகு கடல் தாண்டி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊருக்குப் போகிறேன். போன தடவை, வந்த மறுநாளே, "நீங்க எப்ப போறீங்க?" என்று கேட்டாள். வெறுப்பில் கேட்கவில்லை. விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். நான் அவளுக்குச் சுட்டுக் கொடுத்ததை ஒரு வாய் தின்றுவிட்டு, "முட்டை நாத்தம் அடிக்குதுப்பா" என்று தட்டை நகர்த்தினாள்.

டின் வந்த அதே வாரம் அவள் கடிதமும் வந்தது. அவள் கடிதங்கள் வர வரச் சின்னதாகிவிட்டன. இதில் ஒரு விஷயம் பெரிதாக எழுதியிருந்தாள். அறிவியல் பரீட்சையில் அவளுக்குத்தான் வகுப்பில் முதல் மார்க்காம். புரதக் குறைவு நோய் பற்றிய கேள்வியை அவள் மட்டும்தான் முழுசாக எழுதினாளாம். எனக்காகப் பதிலை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். அறிகுறிகள்: வீக்கம், செம்பட்டை முடி, தோல் உரிதல், மந்தம். காரணம்: பெற்றோரின் அறியாமை.

அந்த வரிக்குக் கீழே டீச்சர் 'மிக நன்று' என்று போட்டிருந்தாராம்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. அம்மை வந்து எழுந்தாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பதில் எழுத உட்கார்ந்து எட்டு நாள் ஆகிறது. "மிக்க மகிழ்ச்சி" என்று எழுதினேன், கிழித்தேன். "அந்தப் பெற்றோர் நான்தான்" என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். வசந்தா படிக்கத் தெரியாதவள், கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டப்போவது செல்விதான். நான் எழுதுகிற எதுவும் அவள் குரலிலேயே அவள் அம்மாவுக்குப் போய்ச் சேரும். கடைசியில் அவளுக்கு எழுத முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். என்றைக்காவது இது அவள் கையில் கிடைத்தால், அவள் எழுதிய பதில் சரி என்று தெரிந்துகொள்ளட்டும். டீச்சர் மார்க்கைக் குறைக்க வேண்டியதில்லை.

8

அந்த வியாழக்கிழமை காலை மாவுப் பையும் முட்டையுமாக ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். எதிரே வரிசையாகக் கடைகள். முதல் கடையில் கேட்டேன், விரட்டினார்கள். இரண்டாவதில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர் முட்டை என்றதும் காதைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது பாய் கடை. டீ மட்டும்தான், ஆனால் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் பால், ஒன்றில் வெந்நீர். எச்சில் கிளாஸ்கள் தொட்டி நிறையக் கிடந்தன.

"பாய், கிளாஸ் கழுவ ஆள் வேணுமா?"

அவர் டீ ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ மண்டியில மூட்டை தூக்கறவன் இல்ல? அதுக்கு முன்னாடி லாரியில போனவன்?"

"ஆமா பாய்."

"கழுவற ஆள் நேத்துதான் நின்னுட்டான். கூலி இன்னா எதிர்பாக்குற?"

"கூலி வேணாம். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ அந்த வெந்நீர் அடுப்பு வேணும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். இன்னிக்கு ஒரு கல்லு குடுங்க, நாளையிலேருந்து நானே கொண்டாந்துடுவேன்."

"இன்னா சுடப் போற?"

சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். அவர் டீயை எதிரில் நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்தார்.

"முட்டை வாடை அடிச்சா கிராக்கி ஓடிடுவான்."

"அடிக்காது பாய். அடிச்சா நானே போயிடறேன்."

"நீ போயிடுவேன்றதுதான்யா எனக்குப் பயமே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். நிக்கிற காலு இல்ல உனக்கு. எத்தினி நாளு இருப்ப?"

அந்தக் கேள்வியை வேலை கொடுத்த எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் ஏதாவது ஒரு கணக்கு சொல்லியிருக்கிறேன். அன்று வாயில் எந்தக் கணக்கும் வரவில்லை.

"அவ எழுந்து நடக்கற வரைக்கும்" என்றேன். "இல்லாட்டி..."

"போதும்" என்றார் பாய். வெந்நீர்ப் பானையை இறக்கிக் கீழே வைத்தார். "மொதல்ல உன் வேலைய முடி. கொழந்தை தின்னதும் வந்து கிளாஸ் கழுவு."

வைக்கோலைப் பிரித்து ஒரு முட்டையை எடுத்தேன். அவசரமாகத் தட்டியதில் பாதி ஓடும் சேர்ந்து உள்ளே விழுந்தது. பொறுக்கி எடுத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தேன்.